விட்டுக்கொடுப்பதா, விட்டுவிடுவதா?

ஆங்கிலம் கற்கும் நம் மாணவியரை அதிகமாக மிரட்டுவது நீளமான சொற்கள் அல்ல, குட்டிச் சொற்களே. நாக்கைச் சுழற்றும் ஒரு பெரிய சொல்லை நாலு தடவை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்துவிடலாம். அதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும். ஆனால் 'கிவ்', 'டேக்', 'புட்', 'கெட்' என்னும் சின்னஞ்சிறு வினைகளும், 'அப்', 'இன்', 'ஆஃப்', 'அவுட்' என்னும் அவற்றிலும் சிறிய சொற்களும் கைகோத்துக்கொண்டு வரும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. அப்படியானால் 'கிவ் அப்' என்றால் 'மேலே கொடு' என்பதா பொருள்? மாடியில் நிற்பவளிடம் புத்தகத்தை எட்டிக் கொடுப்பதற்கு 'கிவ் அப்' என்று பெயரில்லை என்பது நமக்குத் தெரியும். பிறகு எதற்குத்தான் அந்தப் பெயர்?

இவ்வகை வினைகளை ஆங்கில இலக்கணத்தில் 'ஃபிரேசல் வெர்ப்' என்பார்கள். நாம் தொடர்வினை என்று சொல்லிக்கொள்வோம். இத்தொல்லை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1755-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளையே மாற்றிவிடும் இவ்வழக்கம் அயல்நாட்டாரைப் பெரிதும் திணற வைக்கிறது என்று அதன் முன்னுரையிலேயே எழுதிவைத்தார். இவற்றுக்கு ஒரு பெயர் கிடைப்பதற்கு அதன்பின் நெடுங்காலம் ஆயிற்று. லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925-இல் வெளியிட்ட நூலில்தான் 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரை அச்சில் வழங்கினார். அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அவர் குறிப்பிட்டார். ஆகவே மாணவியரே, அகராதி எழுதியவரே கடினம் என்று சொன்னதைக் கண்டு நீங்கள் மலைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இத்தகைய வினைகள் ஆயிரக்கணக்கில் இருக்க, 'கிவ் அப்' என்ற ஒன்றை மட்டும் நான் ஏன் எடுத்துக்கொண்டேன்? இது இலக்கணப் பாடத்தோடு முடிந்துபோகும் சொல் அன்று. நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் வாழ்வில், நாள்தோறும் நடக்கும் ஒரு காரியத்தின் பெயர் அது. அதைச் சரியாகப் புரிந்துகொள்வதும் தவறாகப் புரிந்துகொள்வதும் தேர்வில் ஒரு மதிப்பெண்ணை மட்டும் பாதிப்பதில்லை.

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'டிரிங்க்' என்றால் குடி. 'டிரிங்க் அப்' என்றால் முழுவதையும் குடித்துவிடு. 'டேர் அப்' என்றால் கிழித்துப் போடு. 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. இங்கெல்லாம் 'அப்' என்பதற்கு மேலே என்ற பொருளே இல்லை. ஒரு செயல் முற்றுப்பெற்றது, மீதம் எதுவும் இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. இது நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. "சோற்றைச் சாப்பிட்டுவிடு" என்று அம்மா சொல்லும்போது சோற்றை விடும்படியா சொல்கிறாள்? தட்டில் ஒரு பருக்கை இல்லாமல் முடிக்கச் சொல்கிறாள். 'விடு' என்பது அங்கே தன் சொந்தப் பொருளை இழந்து, முடிவைக் காட்டும் துணைவினையாக நிற்கிறது. நாம் பேச்சில் கொள், போடு, தள்ளு, தொலை, வை, பார் என்று எத்தனை துணைவினைகளைச் சிரமமின்றிப் பயன்படுத்துகிறோம்! தூங்கிப்போனாள், எழுதித் தள்ளினாள், சொல்லித் தொலைத்தாள் என்பவற்றுக்கு நம் ஊரில் எந்தக் குழந்தையும் அகராதியைத் தேடுவதில்லை. தமிழில் துணைவினை செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்தக் குட்டிச் சொற்கள் செய்கின்றன என்று கொண்டால் பாதி அச்சம் போய்விடும்.

இந்தக் கணக்கில் பார்த்தால் 'கிவ் அப்' என்பதன் அடிப்படைப் பொருள் தெளிவாகும்: கையில் எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடு. கோட்டையைப் பகைவரிடம் ஒப்படைப்பதும், வாளைக் கீழே வைத்துச் சரணடைவதும் 'கிவ் அப்'தான். தேடப்படும் குற்றவாளி தானே போய்க் காவல் நிலையத்தில் சரணடைந்தால் அவன் தன்னையே 'கிவ் அப்' செய்கிறான். முயற்சியை நிறுத்துதல், நம்பிக்கை இழத்தல் என்ற பொருள்கள் இந்த ஒப்படைத்தலிலிருந்து பின்னர்க் கிளைத்தவை.

இனி நம் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழைகளுக்கு வருவோம். அப்பா புகைபிடிப்பதை விட்டுவிட்டார் என்பதை "மை ஃபாதர் லெஃப்ட் ஸ்மோக்கிங்" என்று எழுதுகிறோம். விட்டார் என்றதும் 'லெஃப்ட்' என்ற சொல் பேனா முனைக்கு வந்துவிடுகிறது. ஊரை விட்டுப் போவதற்கும், ஒருவரை விட்டுப் பிரிவதற்கும், வேலையிலிருந்து விலகுவதற்கும் 'லீவ்' பொருந்தும். பழக்கத்தை விடுவதற்கு அது பொருந்தாது. "மை ஃபாதர் கேவ் அப் ஸ்மோக்கிங்" என்பதே சரி. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். 'கிவ் அப்' என்பதற்குப் பின்னால் ஒரு செயல் வந்தால் அது 'ஸ்மோக்கிங்' என்றுதான் வரவேண்டும். 'டு ஸ்மோக்' என்று வரக்கூடாது. அடுத்து, பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்காரும். "கிவ் இட் அப்" என்றுதான் சொல்லவேண்டும். "கிவ் அப் இட்" என்பது செவிக்குக் கல்லாக உறுத்தும். பெயர்ச்சொல்லானால் நடுவிலும் வரலாம், இறுதியிலும் வரலாம்.

இவை விதிகள். விதிகளை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். சொல்லின் உள்ளே இருக்கும் உயிரைக் கற்க அதிக நாளாகும். ஏனென்றால் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட செயல்களை வைத்திருக்கிறது. பேருந்தில் ஒரு கர்ப்பிணிக்கு எழுந்து இடம் தருவது 'கிவ் அப்'. கணக்கு வரவில்லை என்று புத்தகத்தை மூடிவைப்பதும் 'கிவ் அப்'. முன்னது அன்பு, பின்னது சோர்வு. தமிழ் இவ்விரண்டையும் ஒன்றாகச் சொல்வதில்லை. முதலாவது விட்டுக்கொடுத்தல், இரண்டாவது விட்டுவிடுதல், கைவிடுதல். 'விட்டுக்கொடு' என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். அதில் 'விடு' இருக்கிறது, 'கொடு'வும் இருக்கிறது. வெறுமனே விட்டால் போதாது, அது ஒருவருக்குக் கொடுக்கப்படவும் வேண்டும் என்று அச்சொல்லே கூறுகிறது.

தமிழில் கைக்கு எத்தனை வேலை பாருங்கள்! மருத்துவர்கள் நம்பிக்கையில்லை என்று சொல்லிவிட்டால் "கைவிரித்துவிட்டார்கள்" என்கிறோம். பொறுப்பைத் தட்டிக் கழித்தவனைக் "கைகழுவிவிட்டான்" என்கிறோம். வாய்ப்பைக் "கைநழுவ விட்டாள்" என்கிறோம். ஆதரவற்றவர் "கைவிடப்பட்டவர்" ஆகிறார். இத்தனையையும் ஆங்கிலத்தில் சொல்லப் புகுந்தால் பெரும்பாலும் 'கிவ் அப்' வந்து நிற்கும். ஆகவே மொழிபெயர்க்கும்போது கையைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும். அந்தக் கை கொடுக்கிற கையா, விரிகிற கையா, கழுவுகிற கையா?

நம் வழிபாட்டு வாழ்விலும் இச்சொல்லுக்கு இடம் உண்டு. தவக்காலம் வந்தால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் "இந்த லெந்துக்கு நீ எதை கிவ் அப் செய்கிறாய்?" என்று ஒருவரையொருவர் கேட்பது வழக்கம். இனிப்பு, தேநீர், இறைச்சி என்று ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். நாம் ஒருசந்தி என்றும் ஒறுத்தல் என்றும் சொல்வது இதைத்தான். ஆனால் இனிப்பை விட்டதோடு காரியம் முடிந்துவிட்டால் அதில் 'விடு' மட்டுமே இருக்கிறது. மிச்சமான காசு ஏழையின் கைக்குப் போனால்தான் அதில் 'கொடு'வும் சேர்கிறது. இன்னும் ஒன்று. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியத்தில், ஆண்டவர் சிலுவையில் உயிர்நீத்ததைச் சொல்லுமிடத்தில் "கேவ் அப் த கோஸ்ட்" என்னும் தொடர் வருகிறது. இதைப் படிக்கும் சிறுமியர் சிலர் பேய் எங்கிருந்து வந்தது என்று திகைப்பார்கள். பழைய ஆங்கிலத்தில் 'கோஸ்ட்' என்றால் ஆவி. 'ஹோலி கோஸ்ட்' என்று தூய ஆவியைச் சொல்வதும் இதனால்தான். இன்றைய ஆங்கிலத்தில் பழைய வண்டியோ வானொலிப் பெட்டியோ பழுதாகி நின்றுவிட்டாலும் வேடிக்கையாக இதே தொடரைச் சொல்கிறார்கள். ஆனால் அதன் முதற்பொருள் வேடிக்கையன்று. அது ஒப்புக்கொடுத்தல். தம் உயிரை எவரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை, தாமாகவே கொடுப்பதாக அவர் முன்பே கூறியிருந்ததை யோவான் நற்செய்தி சொல்கிறது. பறிக்கப்பட்டதும் கொடுக்கப்பட்டதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

'கிவ் அப்' என்றாலே கோழைத்தனம் என்று பலர் எண்ணுகிறார்கள். "ஒருபோதும் விட்டுவிடாதே" என்பது பள்ளிச் சுவர்களில் எழுதப்படும் வாசகம். அதிலும் முழு உண்மை இல்லை. எர்னஸ்ட் ஷாகிள்டன் என்ற பயணி மூன்று தோழர்களுடன் தென்துருவத்தை நோக்கி நடந்தார். 1909-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் துருவத்துக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவு இருக்கும்போது திரும்பிவிட முடிவு செய்தார். உணவு குறைந்துவிட்டது. இன்னும் முன்னே போனால் துருவத்தைத் தொடலாம், ஆனால் உயிரோடு திரும்ப முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார். அதுவரை எந்த மனிதனும் எட்டாத இடம், கண்ணெதிரே இருந்த புகழ்; அவற்றை அவர் 'கிவ் அப்' செய்தார். நால்வரும் உயிரோடு திரும்பினார்கள். இதைக் கோழைத்தனம் என்று யார் சொல்வார்?

அதே ஷாகிள்டனின் அடுத்த பயணத்தில் அவருடைய 'எண்டியூரன்ஸ்' கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கி 1915-இல் நொறுங்கி மூழ்கியது. 22 பேரை எலிஃபண்ட் தீவு என்ற வெறும் பாறைத் தீவில் விட்டுவிட்டு, ஐந்து பேருடன் ஒரு சிறு படகில் ஏறி, கொந்தளிக்கும் கடலில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் சென்று அவர் உதவி தேடினார். அவர்களை மீட்க மூன்று முறை முயன்றும் பனி வழிவிடவில்லை. நான்காம் முறை, 1916 ஆகஸ்ட் 30 அன்று, சிலி நாட்டுக் கப்பலொன்றில் போய் அந்த 22 பேரையும் உயிருடன் மீட்டார். துருவத்தை அவர் 'கிவ் அப்' செய்தார். தம் மனிதர்களை அவர் 'கிவ் அப் ஆன்' செய்யவில்லை. இந்த 'ஆன்' என்ற ஒட்டைக் கவனியுங்கள். 'கிவ் அப்' என்றால் ஒன்றை விடுதல். 'கிவ் அப் ஆன்' என்றால் ஒருவர் மீது வைத்த நம்பிக்கையை விடுதல். இலட்சியங்களில் சிலவற்றை விடலாம். மனிதரை விடலாகாது.

அடுத்து, விடுவதற்கும் தள்ளிப்போடுவதற்கும் உள்ள வேறுபாடு. ஆங்கிலத்தில் தள்ளிப்போடுவது 'புட் ஆஃப்'. மேரி கியூரி அம்மையார் போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867-இல் பிறந்தார். அந்நகரம் அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவருக்கும் அவருடைய அக்கா பிரோனியாவுக்கும் மேற்படிப்பு ஆசை. வீட்டிலோ பணமில்லை. சகோதரியர் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அக்கா முதலில் பாரிசுக்குப் போய் மருத்துவம் படிப்பாள். தங்கை பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக வேலை செய்து பணம் அனுப்புவாள். பிறகு அக்கா தங்கைக்கு உதவுவாள். தங்கை ஆண்டுக்கணக்கில் அப்படியே உழைத்தார். 1891-இல் பாரிசுக்குச் சென்று தம் படிப்பைத் தொடங்கினார். 1903-இலும் 1911-இலும் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆண்டுகளை அவர் அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார். படிப்பை விட்டுவிடவில்லை. அது 'புட் ஆஃப்' செய்யப்பட்டது. 'கிவ் அப்' செய்யப்படவில்லை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது மூன்று. தங்கை தானே மனமுவந்து கொடுத்தாள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தாள். பெற்றுக்கொண்ட அக்கா, தன் முறை வந்தபோது கொடுத்த வாக்கை மறக்கவில்லை.

மூன்றாவதாக, 'கிவ் அப்' என்பதற்கும் 'கிவ் இன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. 'கிவ் இன்' என்றால் பிறர் வற்புறுத்தலுக்குப் பணிந்துபோதல். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கமரி நகரில், 1955 டிசம்பர் 1 அன்று, ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி வேலை முடிந்து பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வயது 42, தையல் வேலை செய்பவர். வெள்ளையர் ஒருவருக்கு இடம் வேண்டும் என்று அந்த வரிசையில் இருந்த நான்கு கறுப்பினத்தவரையும் ஓட்டுநர் எழச் சொன்னார். மூவர் எழுந்தனர். ரோசா எழவில்லை. கைது செய்யப்பட்டு, வழக்குச் செலவு உட்பட 14 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். அதைத் தொடர்ந்து அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1956-இல் பேருந்துகளில் நிறவேற்றுமை சட்டத்துக்குப் புறம்பானது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. உடல் களைப்பினால்தான் அவர் எழவில்லை என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். அவரோ தம் தன்வரலாற்று நூலில் அதை மறுத்து, தமக்கு இருந்த ஒரே அலுப்பு பணிந்துபோவதில் ஏற்பட்ட அலுப்பே என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அங்கே அவர் பயன்படுத்திய சொல் 'கிவ் இன்'. இருக்கையை 'கிவ் அப்' செய்யவில்லை, ஏனென்றால் 'கிவ் இன்' செய்து அலுத்துவிட்டது. இரண்டு தொடர்வினைகளில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது.

இருக்கையை விட மறுத்தவர் ஒருவர் என்றால், இருக்கையை விட்டதனால் பெருமை பெற்றவர் நம் நாட்டிலேயே உண்டு. ஆங்கிலத்தில் 'சீட்' என்பது சட்டமன்ற இடத்தையும் குறிக்கும். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் விளங்கினார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து அந்தப் பதவியைத் துறந்தார். ஒருவர் 'சீட்'டை விட மறுத்தார். மற்றவர் 'சீட்'டை விட்டார். இரண்டும் எப்படிச் சரியாகும்? இலக்கணமே விடை சொல்லும். இரண்டு வாக்கியங்களிலும் எழுவாய் அந்தப் பெண்களே. கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானித்தவர்கள் அவர்களே.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். "விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை" என்று ஒரு மொழி நம்மிடையே வழங்குகிறது. நல்ல மொழிதான். ஆனால் அது வீட்டில் யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பெற்றோர் ஒரு நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை வந்தால் அது தங்கையிடம் சொல்லப்படுகிறது. தம்பிக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தால், "நீ பெரியவள் அல்லவா?" என்ற முன்னுரையோடு அக்காவிடம் சொல்லப்படுகிறது. ஆக, சிறியவளாக இருந்தாலும் பெரியவளாக இருந்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டியவள் பெண்ணே. தின்பண்டத்தில் தொடங்கும் இது படிப்பில் போய் முடிகிறது.

பத்தாம் வகுப்போடோ பன்னிரண்டாம் வகுப்போடோ நின்றுவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி, "குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுக்கொடுத்தாள், தங்கமான பெண்" என்று நாம் புகழ்ந்து பேசுகிறோம். இதை ஆங்கிலத்தில் "ஷி கேவ் அப் ஹர் ஸ்டடீஸ்" என்று எழுதுவோம். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். ஆனால் அதில் வேறொரு பிழை இருக்கிறது. அந்த வாக்கியத்தின் எழுவாய் அவள். உண்மையில் தீர்மானித்தவள் அவளா? அவளிடம் யாராவது கேட்டார்களா? கட்டணம் கட்டும் காலம் வந்தபோது பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்; தம்பியின் பெயரை வைத்துக்கொண்டு அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அப்படியானால் அவள் படிப்பை விட்டுக்கொடுக்கவில்லை. அவள் படிப்பு நிறுத்தப்பட்டது. செயப்பாட்டு வினையில் எழுத வேண்டியதைச் செய்வினையில் எழுதி, அதற்குத் தியாகம் என்று பெயரும் சூட்டிவிடுகிறோம். எழுவாயை மாற்றி எழுதுவது தேர்வில் பிழை என்றால் வாழ்க்கையிலும் பிழைதானே?

நான் சொல்ல வந்தது இதுதான். கொடுப்பவர் இல்லாத இடத்தில் 'கிவ்' என்ற வினைக்கு வேலையில்லை. பறித்ததை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லக்கூடாது. தியாகம் என்பது மிகப் பெரிய சொல். அது கொடுக்கிறவர் வாயிலிருந்தும், அதைப் பெற்று நன்றியோடு நினைக்கிறவர் வாயிலிருந்தும் வரலாம். வாங்குகிறவர் அதைக் கட்டளையாகச் சொல்லும்போது அச்சொல் கெட்டுப்போகிறது.

இதைப் படிக்கும் பெற்றோர் சிலர் வருந்தக்கூடும். "வறுமையில் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்க முடியாதபோது நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. வறுமையை இலக்கணத்தால் தீர்க்க முடியாது. ஆனால் கியூரி அம்மையாரின் வீட்டிலும் பணம் இருக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அங்கே முறை வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இவ்வளவுதான் இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்பதற்குப் பணம் தேவையில்லை. "இந்த ஆண்டு முடியவில்லை, அடுத்த ஆண்டு கட்டாயம்" என்று சொல்லி அதைக் காப்பாற்றினால் அது 'புட் ஆஃப்'. சொல்லாமலேயே நிறுத்தினால் அது நிரந்தரம். பெண்ணின் படிப்பு என்றால் மட்டும் முதலில் கைவிரிக்கும் வழக்கத்தை 'கிவ் அப்' செய்யுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். அந்த விடுதலில் யாருக்கும் நட்டமில்லை.

கற்பிக்கும் அருட்சகோதரியர்க்கும் ஆசிரியைகளுக்கும் 'கிவ் அப் ஆன்' என்ற தொடரை நினைவூட்ட விரும்புகிறேன். வகுப்பில் கடைசிப் பலகையில், எப்போதும் குறைந்த மதிப்பெண் வாங்கும் பெண்ணொருத்தி இருப்பாள். "இவளுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்று ஒரு நாள் நாம் மனத்துக்குள் முடிவு செய்துவிடுகிறோம். அன்றோடு அவளிடம் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிடுகிறோம். அதைத் தமிழில் கைகழுவுதல் என்பார்கள். பிலாத்துவின் தண்ணீர்ப் பாத்திரம் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு மூலையில் இருக்கிறது. அதன் பக்கம் போகாதிருப்பதே நம் கடமை. மூன்று முறை பனி வழிவிடாதபோதும் நான்காம் முறை கப்பல் தேடியவரை நினைத்துக்கொண்டால், நாலாம் முறை ஒரு கணக்கை விளக்குவது பெரிய காரியமாகத் தோன்றாது.

மாணவியரே, இறுதியாக உங்களுக்கு. விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேருந்தில் முதியவருக்கு எழுந்து இடம் கொடுங்கள். சன்னலோர இடத்தைத் தோழிக்குக் கொடுங்கள். வாக்குவாதத்தில் கடைசி வார்த்தையை எதிராளிக்கே விட்டுக்கொடுங்கள். அது மிகக் கடினம் என்பதை அனுபவத்தில் காண்பீர்கள். கெட்ட பழக்கத்தையும் வீண் பிடிவாதத்தையும் விட்டுவிடுங்கள். ஆனால் பெரிய ஒன்றை விட்டுவிடச் சொல்லி வாழ்க்கை உங்களிடம் கேட்கும்போது, மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது என்னுடையதா? நானே மனமுவந்து கொடுக்கிறேனா? இதனால் யாருக்கு நன்மை? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், அது விட்டுக்கொடுத்தல். விடை இல்லாமல் பயத்தினாலோ சோர்வினாலோ கை தளர்ந்தால் அது கைவிடுதல். பிறர் வற்புறுத்தலுக்குத் தலையாட்டினால் அது 'கிவ் இன்'. இன்றைக்கு முடியாமல் நாளைக்கு என்று வைத்தால் அது 'புட் ஆஃப்'. நாளையை மறக்காதவரை அதில் குற்றமில்லை.

கணக்கோ ஆங்கிலமோ வரவில்லை என்று புத்தகத்தை மூடப் போகும் இரவில், உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இதை நான் யாருக்குக் கொடுக்கிறேன்?" பெறுபவர் ஒருவரும் இல்லை என்று தெரிந்தால், புத்தகத்தை மறுபடி திறவுங்கள்.